இரண்டு வார்த்தைப் பெயர்கள்

நேற்று வீட்டில் சமையலறை அலமாரியை ஒழித்தார்கள். கரப்பானுக்கு மருந்து அடிக்க ஆள் வரப்போகிறான் என்று என் மனைவி டப்பாக்களை எல்லாம் இறக்கித் தரையில் பரப்பிவிட்டாள். அடித்தட்டில் பருப்பு டப்பாக்களுக்குக் கீழே விரித்திருந்த காகிதத்தை உருவி என் கையில் கொடுத்து, "தூக்கிப் போடுங்க" என்றாள். அகலமான காகிதம். பச்சைப் பட்டை, வெள்ளைப் பட்டை, இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை. பிசுக்கேறி எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. மூக்கருகே கொண்டுபோனேன். எண்ணெய்க்கும் பெருங்காயத்துக்கும் அடியில் பிரிண்டர் ரிப்பனின் மை வாடை இன்னும் இருந்தது. போட மனம் வராமல் நான்காக மடித்தேன். அதற்கும் ஒரு பேச்சு வாங்கிக்கொண்டேன்.

அதைப் பார்த்துத்தான் உன் நினைவு வந்தது என்று எழுதினால் பொய். நீ போன இந்த ஐந்து மாதமும் உன் நினைவு என்னை விட்டுப் போகவே இல்லை. எழுத உட்கார ஒரு சாக்கு வேண்டியிருந்தது, கிடைத்தது, அவ்வளவுதான். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. காலையில் எழுந்து பல் விளக்குவதற்குள்ளேயே ஒரு நாள் வேலை பார்த்தது போல அலுத்துவிடுகிறது. அந்த அலுப்போடுதான் எழுதுகிறேன். நீ பொறுத்துக்கொள்வாய். பொறுத்துக்கொள்வதைத் தவிர நீ வேறென்ன செய்திருக்கிறாய் என்னிடம்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி வைத்த கட்டடம் நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே தகரக் கூரைக்குக் கீழே ப்ரெஸ் மெஷின்கள் தரை அதிர அடித்துக்கொண்டிருக்கும். ஏ.சி. போட்ட ஒரே அறை கம்ப்யூட்டர் ரூம். மேனேஜராக இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும். உள்ளே ஒரு யூனிக்ஸ் மெஷின், பச்சை எழுத்துத் திரை நான்கு, காது கிழியக் கத்தும் பிரிண்டர் ஒன்று, அப்புறம் நான். கேட்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் வைத்த சின்ன அறை டைம் ஆபீஸ். யார் வந்தான், யார் வரவில்லை என்று மஸ்டரில் எழுதும் குமாஸ்தா நீ. நீ பூந்தமல்லியிலிருந்து வருவாய், நான் மேனாம்பேட்டிலிருந்து. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே டீக்கடை.

நான் செய்த வேலையை உன் மகனுக்குப் புரிய வைக்க ஒருமுறை முயன்று தோற்றேன். நீ கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொண்டாய். தொழிலாளிகள் விவரமெல்லாம் ஏற்றி வைத்த தகவல்தளத்திடம் ஒரு கேள்வி கேட்பேன். அது வரி வரியாகப் பதில் கொட்டும். அந்த வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது டோக்கன் நம்பர், இது பெயர், இது செக்‌ஷன், இது வேலை பார்த்த நாள் என்று பிரித்து, வேண்டியவர்களை மட்டும் பட்டியலில் சேர்க்க ஷெல் ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் ஒன்று எழுதி வைத்திருப்பேன். எங்கே இடைவெளி வருகிறதோ அங்கே ஒரு விவரம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று ஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்ளும். அதற்குத் தெரிந்த இலக்கணம் அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டுக்கு யாரையுமே போடவில்லை. கேன்டீனுக்குச் சாப்பாட்டுப் பட்டியல் எடுக்கும் என் ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது. ஒரு வரியும் இல்லை என்பதற்குத் தகவல்தளம் ஆங்கிலத்தில் 'நோ ரோஸ்' என்று சொன்ன பதிலையே ஓர் ஆளாக எண்ணி, 'நோ' என்ற டோக்கனில் 'ரோஸ்' என்ற பெயருள்ளவருக்குச் சாப்பாடு எழுதிவிட்டது. நீ அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் ரூம் வாசலில் வந்து நின்றாய்.

"இன்னா மாமே, யாரு இந்த ரோஸு? புச்சா சேந்துகீதா? எனக்குச் சொல்லவே இல்லியே" என்றாய்.

எனக்குக் கோபம் வந்தது. உன் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்தேன். நீ சிரித்துக்கொண்டே போனாய். என் பட்டியல் எது வந்தாலும் மஸ்டரோடு வைத்துப் பென்சிலால் ஒவ்வொரு பெயராகச் சரிபார்ப்பாய். அது எனக்குப் பிடிக்காது. இயந்திரம் போட்டதை மனிதன் சரிபார்ப்பதாவது என்று ஒரு திமிர். நீ சொல்வாய்: "மிஷினு ஆளையா பாத்துது? எயுத்ததான மாமே பாத்துது."

கேஷுவல் தொழிலாளியாக இருநூற்று நாற்பது நாள் முடித்தவர்களைப் பெர்மனென்ட் ஆக்கப்போகிறோம் என்று அந்த வெள்ளிக்கிழமை காலை பெர்சனல் மேனேஜர் வந்து சொன்னார். மத்தியானச் சாப்பாட்டு மணிக்குள் பட்டியல் போர்டில் இருக்க வேண்டுமாம். நான் அரை மணியில் எடுத்தேன். நாற்பத்தொரு பெயர். நீ வாங்கிப் பார்த்துவிட்டு, "நாளிக்குக் காலீல குடுக்கறேன் சார், ஒருதபா மஸ்டர்ல பாத்துர்றேன்" என்றாய். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், அதே குரல் இப்போதும் என் காதில் கேட்கிறது: "கம்ப்யூட்டர் போட்டத இவரு பென்சில்ல பாக்கணுமாம் சார்." அவர் சிரித்தார். நீ கையெழுத்துப் போட்டாய். கீழே 'தயாரித்தது: டைம் ஆபீஸ்' என்று என் ஸ்கிரிப்டே அச்சடித்திருந்தது.

மறுநாள் சனிக்கிழமை உன் ஜன்னல் முன்னால் கூட்டம். போன வருடமே நாற்பத்துநான்கு பேர் நாள் முடித்துவிட்டதாகத் தொழிலாளிகளுக்கே கணக்கு தெரியும். விடுபட்டவர்கள் மூன்று பேர். ஷேக் தாவூத், அப்துல் காதர், சையத் பாஷா. அந்த வருடம் நம் பக்கம் காற்றே சரியில்லை. யார் எந்தத் தெரு என்று பார்த்துப் பேசிய வருடம். நாற்பத்தொரு பேரில் ஒரு முஸ்லிம் பெயர்கூட இல்லை என்றால் யார் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? தாவூத் உன் தெருக்காரர், உன்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் கேட்டார்.

"நம்ம ஆளுங்க மூணு பேரையும் கயிச்சிட்டு யார்கிட்ட நல்ல புள்ளையாவுற நீ?"

"பாத்துட்டுச் சொல்றேன் தாவூத்து. கொஞ்சம் டைம் குடு" என்றாய்.

மஸ்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தாய். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாய். மூன்று பேருக்கும் நாள் சரியாக இருந்தது. தகவல்தளத்திலும் சரியாகவே இருந்தது. என் பட்டியலில் மட்டும் இல்லை.

"இந்த மூணு பேருக்கும் இன்னா ஒத்துமை சொல்லு" என்றாய்.

எல்லாரும் நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன். சொல்ல வாய் வரவில்லை.

"அது இல்ல மாமே. நல்லா பாரு. மூணு பேருக்கும் பேரு ரெண்டு வார்த்த."

அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஆட்கள் முருகனுக்கு முன்னால் கே என்று இனிஷியல் போட்டால் ஒரு புள்ளி வைத்து ஒட்டியே எழுதுவார்கள். பாலமுருகன் ஒரே சொல். இடைவெளி எங்குமே வராது. ஷேக் தாவூத்தில் ஓர் இடைவெளி. என் ஸ்கிரிப்ட் ஷேக்கைப் பெயராகவும் தாவூத்தைச் செக்‌ஷனாகவும் எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த செக்‌ஷன் எண் பன்னிரண்டையும் இருநூற்று அறுபத்துமூன்று நாளையும் சேர்த்து நாள் என்று வைத்துக்கொண்டது. இரண்டு எண் ஒன்றாக நிற்பதை இருநூற்று நாற்பதோடு எப்படி ஒப்பிடுவது என்று தெரியாமல் அவரை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. மற்ற இருவருக்கும் இதே கதி.

அப்படித் தடுமாறும்போது அது சும்மா போகாது. திரையில் ஒரு வரி புகார் போட்டுவிட்டுத்தான் போகும். ஆனால் முன்னொரு நாள் ஜெனரல் மேனேஜர் என் அறைக்கு வந்தபோது திரையில் இப்படி ஏதோ ஓடிக்கொண்டிருக்க, "என்னய்யா எர்ரர் எர்ரர்ங்குது?" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. அன்றைக்கே என் ஸ்கிரிப்டுகள் எல்லாவற்றிலும் புகார்களை டெவ் நல் என்ற குப்பைக்குழிக்குத் திருப்பிவிட்டேன். அதில் போட்டது எதுவும் திரும்ப வராது. அந்த ஒரு துண்டை இப்போது நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். மூன்று வரி புகார் வந்தது, மிகச் சரியாக மூன்று. வெள்ளிக்கிழமையும் அது கத்தியிருக்கிறது. நான்தான் வாயைக் கட்டிப்போட்டிருந்தேன்.

நீ கோபப்படவில்லை. மஸ்டரைத் திறந்து காட்டினாய். அதில் நீ டோக்கன் நம்பர், செக்‌ஷன், நாள் எல்லாம் எழுதிவிட்டுப் பெயரைக் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தாய்.

"பேர கடைசீல வச்சிரு. எவ்ளோ நீளமா இருந்தா இன்னா, யாரையும் இடிக்காது. பேரு நீளமா கீறது அவன் தப்பா?"

கேள்வியில் பெயரைக் கடைசிக்குத் தள்ளினேன். ஸ்கிரிப்டில் கடைசியாக வருவது மிச்சமிருக்கும் எல்லாவற்றையும், இடைவெளியோடு சேர்த்து, தானே வாங்கிக்கொள்ளும். மூன்று பெயரும் முழுதாக வந்தன. ஒரு நிமிட வேலை.

திங்கட்கிழமை பெர்சனல் மேனேஜர் அறையில் நாம் இருவரும் நின்றோம். "யாருய்யா விட்டது?" என்றார். எனக்கு ப்ரொபேஷன் முடிய மூன்று வாரம் இருந்தது. உனக்கு அது தெரியும். நான் வாயைத் திறக்க நினைத்தேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் நான் அவர் மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மஸ்டர்ல நாள் ஏத்தறப்ப உட்டுப்போச்சு சார். என் கைலதான்" என்றாய்.

உனக்கு ஒரு மெமோ. மூன்று பேருக்கும் தனி ஆர்டர், மற்றவர்களுக்குப் பிந்திய தேதியில். டீக்கடையில் நான் ஏதோ முனகினேன். "உடு மாமே. எனக்கு ஒரு மெமோ, கொஞ்ச நாள் தாவூத்து மூஞ்சத் தூக்கிகினு இருப்பான். அவ்ளோதான" என்றாய். டீயை எனக்கும் சேர்த்துச் சொன்னாய். கொஞ்ச நாளில் தாவூத்தும் சரியாகிவிட்டார். அந்த விஷயம் முடிந்துபோனதாக நாம் நினைத்துக்கொண்டோம்.

நான்கு வருடம் கழித்து ப்ரெஸ் ஷாப்பில் ஒரு வரிசை மெஷினைத் தூக்கினார்கள். நான்கு பேரைக் குறைக்க வேண்டும். கடைசியாகப் பெர்மனென்ட் ஆனவன் முதலில் வெளியே, அதுதான் வழக்கம். அந்தக் கும்பலுக்குப் பிறகு யாரையுமே பெர்மனென்ட் ஆக்கவில்லை. உன் மஸ்டர்படி பார்த்தால் தாவூத் நாற்பத்துநான்கில் ஒன்பதாவது ஆள். ஆர்டர் தேதிப்படி பார்த்தால் கடைசி. அவரோடு பிந்திய தேதியில் ஆர்டர் வாங்கிய மற்ற இருவரில் ஒருவர் அதற்குள் சவூதி போயிருந்தார், இன்னொருவர் வேலையை விட்டிருந்தார். வெளியே போகும் நான்கு பேர் பட்டியலை அச்சடித்ததும் என் ஸ்கிரிப்ட்தான். இந்தமுறை ஒரு பிழையும் இல்லை. ஷேக் தாவூத் என்ற பெயர் இரண்டு வார்த்தையும் முழுதாக முதல் வரியில் வந்தது.

நீ மஸ்டரைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் போனாய். இவர் ஒன்பதாவது ஆள், தேதியைத் திருத்துங்கள் என்று கேட்டாய். அவர் பழைய ஃபைலை எடுத்து உன் மெமோவையே உன்னிடம் காட்டினார். மஸ்டரில் விட்டுப்போனதாக நீயே சொல்லியிருக்கிறாய், இன்று அதே மஸ்டரைக் காட்டினால் எதை நம்புவது என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

அன்று மத்தியானம் நீ கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்தாய். உட்காரவில்லை.

"நீ வந்து ஒரு வார்த்த சொன்னா திருத்திருவாங்க மாமே. உன் வேலைக்கு இப்ப ஒண்ணும் ஆவாது. கம்ப்யூட்டர்ல உட்டுதுன்னு சொல்லு, போதும். நான் சொன்னா தப்பிச்சுக்கச் சொல்றேன்னு நெனைப்பாங்க. தாவூத்தும் அப்டித்தான் நெனைப்பான்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

யோசித்தேன். எனக்கு அப்போதுதான் சிஸ்டம்ஸ் ஆபீசர் என்று பதவி கொடுத்திருந்தார்கள். நான்கு வருடமாக மறைத்திருக்கிறாயே என்று கேட்டால் என்ன சொல்வது? வேலை போகாது, நீ சொன்னது சரி. மரியாதை போகும். ஒரு மனிதனின் சோற்றுக்கும் என் மரியாதைக்கும் நடுவில் நான் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் தாவூத் கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அன்றைக்கு லீவு போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் உன்னோடு பேசவில்லை. நீ என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. திட்டியிருக்கலாம். டீக்கடையை மாற்றியிருக்கலாம். கம்பெனியை மூடிய பிறகு பூந்தமல்லியில் ஜெராக்ஸ் கடை வைத்தாய்; ஒவ்வொரு பெருநாளுக்கும் எனக்குப் போன் செய்து கூப்பிட்டாய், நானும் வெட்கமில்லாமல் வந்து சாப்பிட்டேன். உன் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தாவூத்தின் வெல்டிங் பட்டறை தெரியும். நீ ஒருமுறைகூட அந்தப் பக்கம் கை காட்டிப் பேசியதில்லை. ஒரே ஒரு தடவை, படி இறங்கும்போது, "அவன் பட்டறைல தான் கீறான், சும்மா பாத்துட்டுப் போயேன்" என்றாய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். நீ தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலுக்குப் பதிலாக ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு இத்தனை அலுப்பு இருந்திருக்காது என்று சில நாள் நினைக்கிறேன்.

உன் மகன் போன் செய்ததும் ஆட்டோ பிடித்து வந்தேன். தெரு முழுக்க ஆட்கள். மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னால் பள்ளிவாசலுக்கு எடுத்துப்போய்விடுவார்கள் என்றார்கள். உன் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். எதிர்ப்பக்கம் பட்டறை வாசலில், கும்பலை விட்டுத் தள்ளி, ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முழுக்க நரைத்த தாடி. ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

"கம்ப்யூட்டர் ரூம் சார்தானே?" என்றார்.

நான் தலையாட்டினேன். பக்கத்தில் இன்னொரு ஸ்டூலை நகர்த்தினார்.

"உள்ள போலாமான்னு காலீலேந்து குந்திகினு கீறேன் சார். மனசு ஒப்பல. மஸ்டர்ல என் பேர உட்டான். சரி, மனுசன் மறக்கறதுதான். அப்பால வேல போற சமயம் எனக்காக ஒரு வார்த்த பேசிருக்கலாமே. கூடப் படிச்சவன்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இதைச் சொல்ல எனக்கு இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் நேரம் இருந்தது. உன்னை உள்ளே படுக்க வைத்த பிறகுதான் வாய் வந்தது.

"அவன் விடல, தாவூத். மஸ்டர்ல உங்க பேரு இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல விட்டது நான். உங்களுக்காக அவன் மேனேஜர்கிட்டப் போயி நின்னான். என்னையும் வந்து கேட்டான். நான்தான் போகல."

அவர் என்னையே பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது அவனுக்குத் தெரியுமா?"

"முதல் நாள்லேந்து தெரியும்."

"தெரிஞ்சா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் வந்து சொல்லணும்னு இருந்தான்."

உள்ளேயிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். தாவூத் எழுந்தார். முழங்காலில் கையை ஊன்றி எழுந்ததால் நேரமாயிற்று. தெருவைக் கடந்து போனார். முன்பக்கம் சுமந்துகொண்டிருந்த வாலிபனின் கையைப் பிடித்து விலக்கிவிட்டு, தன் தோளைக் கொடுத்தார். பள்ளிவாசல் வரை யார் மாற்றக் கேட்டும் விடவில்லை. உன் பெயரை, அந்த நீளப் பெயரை முழுதாகச் சொல்லி, "மாப்பு குடுடா, மாப்பு குடுடா" என்று அவர் சொல்லிக்கொண்டே போனது பின்னால் வந்த எனக்குக் கேட்டது.

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர் இல்லை. அதைக்கூட நான் அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் இப்போது சொல்கிறேன்.